தொட்டிச் சுவரில் ஒரு காது

மணலியில் மத்தியானம் மூன்று மணி. எஃகுத் தொட்டிக்குள் கலக்கியின் பிளேடுகள் சுழல்கின்றன, அடியிலிருந்து ஏறும் வாயுவைத் திரவத்தில் கரைக்க. பிலால் ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தொட்டிச் சுவரிலும் மறுமுனையைக் காதிலும் அழுத்திக்கொண்டு நிற்கிறான். கனத்த உறுமல் திடீரென்று லேசாகிறது. "மேடம், கேஸ் ஜாஸ்தியா பூட்ச்சு. பிளேடு சும்மா காத்துல சுத்தினுகீது!" கரையாத வாயு மேலே சேர்கிறது, ஷிப்ட் இன்ஜினியர் ராமசெல்வி கண்ணெடுக்காமல் பார்க்கும் அழுத்த முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. "கொற, கொற!" என்கிறாள் அவள். அவன் கம்பியை விடாமல் இடக்கையால் வாயு வால்வைத் திருகுகிறான். உறுமல் திரும்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து ஷிப்ட் முடிந்த சங்கு தொட்டியின் சத்தத்தை அமுக்கி நீளமாக ஊதுகிறது. சாப்பாட்டுப் பைகள் கேட்டை நோக்கி ஆடிக்கொண்டே போகின்றன. முள் நடுங்கியபடி அங்கேயே நிற்கிறது. "என்ன கேக்குது, பிலால்?" என்று கத்துகிறாள். காதை எடுக்காமலே, "சங்கு மட்டுந்தான் மேடம்" என்கிறான்.