ஆசியாவுக்கு முழங்காலில்

"பொண்ணு திரும்ப வேணும்னா முட்டி போட்டு வா. நடுவுல எழுந்தா பேச்சு முடிஞ்சது!"

ரொதியோன் யோசிக்கவில்லை. உரால் ஆற்றுப் பாலத்தில் மண்டியிட்டு, ஐரோப்பாக் கரையிலிருந்து ஆசியாக் கரைக்கு நகர ஆரம்பித்தான். எதிரே வந்த போலீஸ்காரர் நின்று பார்த்தார். "முதுகை நிமித்துப்பா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரஷ்யாவின் ஒரன்பூர்கில் மணப்பெண்ணைக் கடத்துவது குற்றமல்ல, சடங்கு. கடத்தியவர்கள் சொன்னதையெல்லாம் செய்து மாப்பிள்ளைதான் மீட்க வேண்டும். பாலத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோதே மணப்பெண் உல்யானாவைக் காணோம். "எங்கடா ஒளிச்சு வச்சீங்க?" என்று ரொதியோன்தான் முதலில் கேட்டான். பெண்ணின் அண்ணன் மத்வே உடனே கடத்தல் கும்பலுக்குத் தலைவனாகிவிட்டான்.

"மச்சான், மூணு மணிக்குப் பதிவு ஆபீசைப் பூட்டிடுவாங்க. விட்டா அடுத்த மாசம்தான். எனக்கு லீவு இன்னியோட முடியுது! கையெழுத்துப் போட்டப்புறம்தானே பொண்ணைத் தூக்குவீங்க?"

"எல்லையில கோட்டை கட்டிக் காவல் காத்த ஊரு மாப்ளே இது. எங்கேயோ மூர்மன்ஸ்க்லேர்ந்து வந்து எங்க பொண்ணைச் சும்மா கூட்டிட்டுப் போயிடுவியா? பாடு!"

பாடினான். உல்யானாவிடம் இரண்டு வருஷம் கெஞ்சி வாங்கிய சம்மதம். பாதியில் குரல் உடைந்தது. மத்வேயின் தோழர்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

"ஆடு!"

ஆடினான். புதுக் கால்சட்டை முட்டியில் கிழிந்து ரத்தம் தெரிந்தது.

"அவ இல்லன்னா செத்துடுவேன்னு ஆத்தைப் பாத்துக் கத்து!"

கத்தினான். தூண்டில் போட்டிருந்த கிழவர்கூட எழுந்து தொப்பியைக் கழற்றினார். மத்வேக்கே மனசு இளகிவிட்டது.

"போதும்டா, பாவம். யாராவது போய்த் தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க. கார்லதான் இருப்பா."

போனவன் தனியாகத் திரும்பினான். கையில் கல்யாண முக்காடு மட்டும் இருந்தது.

மத்வே தங்கைக்குப் போன் போட்டுப் பார்த்தான். மறுபடி போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"மச்சான், கால்ல விழறேன். விளையாட்டு போதும், அவளைக் காட்டு!"

மத்வேயின் முகத்தில் சிரிப்பு செத்துப் போயிருந்தது.

"நாங்க இன்னும் கடத்தவே இல்ல மாப்ளே."