ஆறிப்போகுது

வேலையை விட்டுவிட்டு யுவராஜ் தனியாளாகச் செய்த வீடியோ கேமில், குகைக்குள் போகும் வீரன் செத்துச் செத்து மறுபடியும் வாசலிலிருந்தே தொடங்க வேண்டும். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் இருட்டில் ஒரு பெண்குரல் மட்டும் கேட்கும்: "சாப்பிட வாங்க, ஆறிப்போகுது."

கேமுக்குக் காலடி ஓசை பதிவு செய்ய மைக்கை ஆன் செய்து வைத்திருந்த ஒரு நாள் அவன் மனைவி ஹேமா சமையலறையிலிருந்து கூப்பிட்டது அது. காதில் விழுந்தது, எழுந்து போகவில்லை. பதிவு சுத்தமாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தான்.

கேம் வெளிவந்தபோது ஹேமா தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். வாங்கியவர்கள் காறித் துப்பினார்கள். எல்லா அறையும் ஒரே மாதிரி, எத்தனை முறை செத்தாலும் புதிதாக ஒன்றுமில்லை, காசைத் திருப்பிக் கொடு. ஒரே ஒருவர்தான், குரல் கொடுத்த நடிகை யார், இவ்வளவு அலுப்பை எப்படி நடித்தார் என்று கேட்டிருந்தார். அதை ஹேமாவுக்குப் போன் போட்டுப் பெருமையாகப் படித்துக் காட்டினான் யுவராஜ்.

"நான் உங்களைத்தான் கூப்பிட்டேன்" என்றாள் அவள். "எழுந்து வரல. புடிச்சு வச்சு ஊருக்கெல்லாம் வித்துட்டீங்க. அதை எடுத்துடுங்க."

"ஹேமா, அந்த கேம்ல நல்லா இருக்கறதே அது ஒண்ணுதான்."

"இப்பவாவது தெரிஞ்சுதே. எடுத்துடுங்க."

அன்றே எடுத்துவிட்டான். மறுநாள், நடிகை யார் என்று கேட்ட அதே ஆள் மறுபடியும் எழுதியிருந்தார்: "முன்னாடி செத்தா, சாப்பிடக் கூப்பிடவாவது ஒரு ஆள் இருந்துச்சு."