சட்டைப் பைக்குள் வைரஸ்

கல்யாணப் படங்கள் மொத்தமும் அந்த ஒரு பென்டிரைவில்தான் இருந்தன. அடுத்த முகூர்த்தத்துக்கு வேண்டுமென்று கேமரா கார்டை ஸ்டுடியோக்காரர் ஜெபராஜ் காலையிலேயே அழித்திருந்தார். ஆல்பத்துக்கு டிசைன் தேடிப் போன ஏதோ ஒரு இணையதளத்தில் திரை திடீரெனச் சிவந்து அலறியது: "பென்டிரைவில் நாற்பது வைரஸ்! சுத்தம் செய்ய உடனே அழுத்தவும்!"

அழுத்தப் போனவரின் கையிலிருந்து மனைவி எஸ்தர் மவுஸைப் பிடுங்கினாள். "நம்ம ஆன்டிவைரஸ் என்னைக்குங்க இப்படிக் கத்தியிருக்கு?" பென்டிரைவை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள். திரை அசரவில்லை. பென்டிரைவில் நாற்பத்தெட்டு என்றது.

ஜெபராஜ் திரையைப் பார்த்தார், அவளுடைய மூடிய கையைப் பார்த்தார். எஸ்தர் அதை அவர் சட்டைப் பைக்குள் போட்டாள். "ஐம்பத்திரண்டு!" என்றது திரை.

"கூசுதுடி," என்றார் ஜெபராஜ். அப்புறம் இருவருக்கும் சிரிப்பு அடங்கவே இல்லை.

அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் பென்டிரைவைத் திரும்பச் செருகினார்கள். திரையின் மூலையில் அவர்களுடைய ஆன்டிவைரஸின் சின்னப் பச்சைக் கேடயம் ஒருமுறை சுழன்று, வைரஸ் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. முதல் படம் திறந்தது. கன்னத்தில் சந்தனத்தோடு மணப்பெண், இவர்களுக்கு முன்பே சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.