அரைக்கீரை ஒரு கட்டு

“ஒரே ஒரு கட்டு. பேப்பர்ல சுத்திக் குடுத்துடும்மா, யாருக்கும் தெரிய வேண்டாம்,” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் மாணிக்கவேல். கேட்டுவிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டின் இரு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கீரைக்காரக் கங்கையம்மாள் அவர் முகத்தை உற்று நோக்கினாள். பிறகு அரைக்கீரைக் கட்டுகளின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடினாள். “உனக்குக் குடுக்கறதுக்கில்ல சார். அந்தாண்ட புடலங்கா கீது, வாங்கிக்க.”

மாணிக்கவேலின் முகம் சுண்டிப்போயிற்று. கோவிலம்பாக்கத்தில் அவருடைய தெருவுக்குக் கீரை கொண்டுவருபவனும் இதையேதான் சொன்னான். இங்கே தம்மை யாருக்கும் தெரியாது என்று நம்பித்தான் இத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருந்தார்.

கீரைக்கு இவ்வளவு காவல் வந்ததற்குக் காரணம் இருந்தது. டயாலிசிஸுக்காகக் கையில் வைத்த குழாயில் ஒருமுறை ரத்தம் உறைந்து, உயிர் ஊசலாடி மீண்டது. அன்றிலிருந்து ரத்தத்தை இளக்கும் மாத்திரை. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மீண்டும் உறைந்தால், ஊசி குத்த வேறு நல்ல இடம் கிடைப்பது அரிது.

“ரத்தம் கட்டிகினா அப்பால யாரு சார் பதில் சொல்றது?” என்றாள் கங்கையம்மாள்.

“டாக்டரே இன்னொண்ணும் சொன்னார்மா. அந்த மாத்திரையால ரத்தக்குழாய்ல சுண்ணாம்பு படியலாமாம். கீரையத் தின்னா ரத்தம் உறையும், மாத்திரையத் தின்னா குழாய் கல்லாகும். ரெண்டு பக்கமும் செவுரு. நடுவுல ஒரு கவளம் சாப்பிட்டா என்ன குடி முழுகிடும்?”

“அத்த டாக்டராண்ட கேளு சார். என் கூடையாண்ட கேட்டா அது இன்னா சொல்லும்?”

பக்கத்தில் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தவள் களுக்கென்று சிரித்தாள். மாணிக்கவேல் அதைப் பொருட்படுத்தவில்லை.

“வாரத்துல மூணு நாள் மெஷின். நாள் பூரா சேர்த்து அரை லிட்டர் தண்ணி. உப்பில்லாத சோறு. நாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?” என்றபோது அவர் குரல் உடைந்தது.

வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர்க்கடையில் ஓர் இளநீரை வெட்டச் சொல்லி ஒரே மூச்சில் குடித்தார். போதாமல் இன்னொன்றும் வாங்கிக் குடித்தார். கங்கையம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்கு மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சட்டைப் பையில் செல்போன் அடித்தது. வீட்டு எண். எடுத்துப் பேச அவருக்குத் துணிவு வரவில்லை. வெறுங்கையோடு போய் அந்த வாசலை மிதிக்கவும் துணிவு வரவில்லை. மறுபடியும் கூடைக்கு முன்னால் வந்து நின்றார்.

“யாரும்மா சொல்லி வெச்சது? என் பையனா? மருமகளா? நான் என்ன சின்னக் குழந்தையா, ஊர் பூரா காவல் போட?”

“அவங்கள்லாம் இல்ல சார்.”

“பின்னே யாரு? சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

கங்கையம்மாளின் முகத்திலிருந்த கேலி மறைந்தது. “உன் சம்சாரந்தான் சார். போன வாரம் டயாலிசிஸ் முடிச்சிகினு, கையில போட்ட கட்டோட நேரா இங்க வந்துச்சு. நிக்கத் தெம்பில்ல, என் தோளப் புடிச்சிகினு நின்னுச்சு. பர்ஸுலேந்து உன் போட்டோவ எடுத்துக் காட்டிச்சு.”

“தையல்நாயகியா?” என்றார் மாணிக்கவேல். “காலைலகூட அவதானே என்கிட்ட...”

“அதுவும் சொல்லிச்சு சார். ‘நான் அழுது கேப்பேன், அவரு மனசு தாங்காம இங்க ஓடி வருவாரு. குடுத்துடாத கங்கா, நான் பொழைக்கணும்.’”