வடக்கைக் காட்டும் அம்பு

பாறையைப் பெயர்த்தெடுக்கும் முன்பே அதன்மேல் வடக்கு நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுவிட வேண்டும். அன்று ஆராய்ச்சி மாணவி புலோமினா அதை மறந்துபோனாள். கல் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சொன்னால் சார் திட்டுவார் என்று, ஜீப்பில் உட்கார்ந்து குத்துமதிப்பாக ஓர் அம்பை வரைந்துவிட்டாள். அந்த அம்பை நம்பி, கல்லின் வரிகள் சாயும் திசையைக் கணித்துத்தான் வரதராஜன் சார், ஆதியில் இரண்டு கண்டங்கள் மோதி, இமயம்போல் எழுந்து தேய்ந்துபோன மலையின் அடிவேர் இந்த ஆற்றுப்படுகை என்றும், தெற்குக் கண்டமே வடக்கின் அடியில் புகுந்தது என்றும் எழுதினார். உலகமே ஏற்றுக்கொண்டது.

ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்தை ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டார். அவர் கைத்தடியோடு சரிவில் இறங்கி வருவதற்குள், இத்தனை வருட உறுத்தலைத் தீர்த்துக்கொள்ள புலோமினா முன்னால் ஓடி, பையில் கொண்டுவந்த அதே கல்லைப் பழைய குழியில் வைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு வாகில்தான் அது உட்கார்ந்தது, இம்மி பிசகாமல். அம்பு தெற்கே காட்டியது.

நகம் பிய்யப் பிய்ய இழுத்தாள். கல் அசையவில்லை.

"அடடே, அப்படியே பொருந்திடுச்சே!" மூச்சு வாங்கியபடி சார் பக்கத்தில் வந்து கை நீட்டினார். "திசைகாட்டியக் குடும்மா, ஆசைக்கு ஒருதடவ வச்சுப் பாக்குறேன்."

அவள் கழுத்தில் தொங்கியது, அவர் கொடுத்த திசைகாட்டிதான்.