சான்று தேவை

அவளுடைய கணவர் இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் கட்டுரை திருத்தியவர். அந்த விஷயத்தில் பெண்டாட்டி என்றுகூடப் பார்க்க மாட்டார். அவள் ஏதாவது சேர்த்தால், "நீ கண்ணால பாத்ததெல்லாம் செல்லாதும்மா. எதுல அச்சாகியிருக்கு?" என்று கேட்டு அழித்துவிடுவார்.

அவர் போன மறுமாதம், அங்கே அவருக்கென்று இருந்த பக்கத்தில் "காலமானார்" என்று அவளே சேர்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அந்த வார்த்தை அழிந்திருந்தது. அழித்தவர் என்று அவர் பெயரே இருந்தது. கூடவே காரணமும்: சான்று தேவை.

மகள் எட்டிப் பார்த்தாள். "பேப்பர்ல வந்த மரண அறிவிப்பைக் குடுத்துடும்மா. அதுக்கப்புறம் அப்பாவால ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் அலமாரியைத் திறந்தாள். அறிவிப்பு மேல்தட்டிலேயே இருந்தது. அதிலிருந்த முகத்தை ஒருமுறை தடவிவிட்டு, அவருடைய சட்டைகளுக்கு அடியில் தள்ளினாள்.

"எங்க வெச்சேன்னே தெரியலடி," என்றாள்.