உடைந்த கண்ணாடி

குடியிருப்புச் செயலாளர் வீடு வீடாக ஏறி இறங்கினார். "ஈரக் குப்பையில யாரோ உடைஞ்ச கண்ணாடியப் போட்டிருக்காங்க. குப்பை எடுக்குற அம்மாவுக்குக் கையில அஞ்சு தையல்! மனசாட்சி வேண்டாமா?"

எல்லாரும் தலைகுனிந்து, இனிமேல் பிரித்தே போடுவதாக வாக்குக் கொடுத்தார்கள்.

கீழே இறங்கி வந்தவரை, கட்டுப்போட்ட கையோடு அந்த அம்மா ஓரமாக அழைத்தாள். ரத்தக்கறை படிந்த தபால் உறை ஒன்றை நீட்டினாள்.

"கண்ணாடி இந்தக் கவர்லதான் இருந்துச்சு சார். உங்க பேர் போட்டிருக்கு."

அது தன் வீட்டுக் கண்ணாடி என்று முதல் படி ஏறும்போதே அவருக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

"எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடறேன்மா" என்றார்.

"வேணாம் சார். நீங்க சொல்லித்தான் இப்பப் பிரிச்சுப் போடறோம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. விஷயம் தெரிஞ்சா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. மறுபடியும் என் கைதான் கிழியும்."